கோழிகளுக்குத் தெரியாத ஆள்

அத்தியாயம் 3

பஸ்ஸை விட்டு இறங்கியதும் செல்லமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"சார், ஊர் வந்துருச்சு. இதுக்கு போர்டு வேற வெச்சிருக்காங்க பாருங்க" என்றான்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற சாலை அது. ஒரு பக்கம் சோளக்காடு, மறுபக்கம் வரிசையாக நான்கு நீளக் கொட்டகைகள். கோழி எச்சத்தின் நெடி கண்ணை எரித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எட்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்கு நெடி புதிதல்ல. ஆனால் அந்த நெடிக்கு அடியில் இன்னொரு நாற்றம் இருந்தது. செத்துப்போன எதையோ வெயிலில் போட்டு, அதன்மேல் நாலு கூடை மண்ணை மட்டும் தள்ளிவிட்டுப் போனது போன்ற நாற்றம்.

"பொத்தாதே" என்றார் தண்டாயுதபாணி. "மூக்கைப் பொத்தினா வாய் வழியாப் போகும். அது இன்னும் மோசம்."

துப்பறியும் தண்டாயுதபாணிக்கு வயது ஐம்பத்திரண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகத்து மாடியில் அவருடைய அலுவலகம். வெளியூர் போனால் ஒரு மைப் பேனா, நான்கு வெள்ளைத் தாள், ஒரு குடை. கண்டக்டர் வேலையை வாயால் கெடுத்துக்கொண்ட செல்லமுத்து, அவரிடம் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அந்த வாய் மட்டும் அப்படியே இருந்தது.

நேற்றுக் காலையில் அந்த மாடிக்கு வந்தவர் இந்தப் பண்ணையின் சொந்தக்காரர் செங்கோட்டையன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கண்ணில் துளி ஈரம்.

"என் தம்பி வெள்ளியங்கிரிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பண்ணையில பூந்து முன்னூத்தி நாப்பது கோழியத் தொரத்தித் தொரத்திக் கொன்னுபோட்டான். மெட்ராசுல பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்போணும். மாஜிஸ்ட்ரேட்டு அய்யா, ஊட்டு ஆளுக சொன்னா மட்டும் பத்தாது, சம்பந்தமில்லாத ஒருத்தர் பாத்து எழுதிக் குடுக்கோணும்னு சொல்லிப்போட்டாருங்க. வியாழக்கெழம ஒரு மணிக்குப் போலீசு வேன் வருது. அதுக்குள்ளாற ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க."

ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தை நம்பித்தான் ஒரு மனுஷன் ஆயுசுக்கும் கம்பிக்குப் பின்னால் போவதா வேண்டாமா என்பது இருந்தது. இன்று வியாழக்கிழமை. மணி பத்து.

வீடு பெரிய வீடு. வாசலில் புதுப் பந்தல் போட்டு, தென்னங்கீற்று பச்சை மாறாமல் இருந்தது. செங்கோட்டையனின் மனைவி வள்ளியாத்தாள் வாய் நிறைய வரவேற்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெண் தட்டில் மோர் டம்ளர்களோடு வந்தது.

"எம் மக வசந்தாமணிங்க. நாளைக்கு நிச்சயம். மாப்பிள்ளை ஊடு திருச்செங்கோடு. போரு போடற ரிக்கு லாரி நாலு ஓடுதுங்க. நிச்சயமாகிற வரைக்கும் அம்மிணிய வெயில்ல எறக்கக் கூடாதில்லீங்களா. ஒரு மாசமா வாசப்படி தாண்ட உடுலீங்க."

பெண் தலை நிமிரவில்லை. தட்டை நீட்டியது, டம்ளர் எடுத்ததும் திரும்பி நடந்தது. தண்டாயுதபாணியின் பார்வை தரையோடு தரையாக அந்தப் பெண்ணின் பின்னாலேயே சமையலறை வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தது.

"சார்" என்றான் செல்லமுத்து, மெல்லிய குரலில். "பொண்ணு பாக்கறவங்க நாளைக்குத்தான் வர்றாங்க."

"மோரைக் குடி."

செல்லமுத்து குடித்தான். பெருங்காயம் போட்ட நல்ல மோர். ஆனால் அந்த நாற்றம் டம்ளருக்குள்ளும் இருந்தது.

"நாளைக்கு இத்தனை பேர் வர்றாங்களே. அந்த நாத்தம்?" என்று கேட்டார் தண்டாயுதபாணி.

"இன்னிக்குச் சாயங்காலம் நாலு வண்டி மண்ணுக் கொட்டறமுங்க" என்றார் செங்கோட்டையன். "அப்புறம் ஒண்ணுந் தெரியாது."

*

கொட்டகைகளைக் காட்ட பெருமாயி என்கிற வேலைக்காரி வந்தாள். நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைக் காக்கிச் சட்டை ஒன்றை மாட்டியிருந்தாள். ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் தரையோடு ஒரு சிமெண்ட்டுத் தொட்டி. அதில் ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர்.

"கால நனைச்சிட்டுத்தானுங்க உள்ளார போகோணும். வெளி நோவு உள்ள போகாம இருக்க. முதலாளியானாலுஞ் சரி, நானானாலுஞ் சரி." தன் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள். ஊதாத் தண்ணீர் காய்ந்து, தேக்குக் கட்டை நிறத்தில் பழுப்பேறிக் கிடந்தது. "தேச்சாலும் பத்து நாளைக்குப் போகாதுங்க."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே செல்லமுத்து இரண்டாம் நம்பர் கொட்டகைக் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினான். அன்றைக்கு அவன் போட்டிருந்தது கிளிப்பச்சைச் சட்டை. ஓமலூர் சந்தையில் ஆசைப்பட்டு எடுத்தது.

உள்ளே கடலைத் தொலி பரப்பிய தரையில் ஆயிரம் வெள்ளைக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு கணம் ஆயிரம் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. அடுத்த கணம் ஒரு வெள்ளை அலை எழும்பி, கொட்டகையின் கடைக்கோடி மூலையைப் பார்த்து ஓடியது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து, மூலையில் ஆள் உயரத்துக்குக் குவிய ஆரம்பித்தன.

பெருமாயி அவன் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். கதவில் மூன்று தட்டுத் தட்டினாள். "பா... பா... பா..." என்று குரல் கொடுத்துக்கொண்டே, காலை நனைத்து, காக்கிச் சட்டையோடு மெதுவாக உள்ளே போனாள். குவியல் கரைந்தது. கோழிகள் எதுவும் நடக்காதது மாதிரி அவள் காலடிக்கு வந்தன.

"என்ன சாமி நீங்க" என்றாள் திரும்பி வந்து. "இன்னொரு நிமுசம் போயிருந்தா அடியில சிக்குனதெல்லாம் மூச்சு முட்டிச் செத்திருக்கும். காக்கியும் வெள்ளையுந்தான் அதுகளுக்குத் தெரிஞ்ச நெறம். புது ஆளு, புது நெறம் ரெண்டும் ஆகாது. நானே ஊருக்குப் போயிட்டுப் பதினஞ்சு நாளு கழிச்சு வந்தேன்னா, பேயக் கண்டாப்புல ஓடுமுங்க."

"சட்டைக்கு இவ்வளவு மரியாதை இதுவரைக்கும் எங்கேயும் கிடைச்சதில்லை" என்று செல்லமுத்து பொத்தான்களைச் சரிசெய்துகொண்டான்.

"சின்னவர், வெள்ளியங்கிரி, உள்ளே போனா?" என்று கேட்டார் தண்டாயுதபாணி.

"தோளு மேல வந்து உக்காருமுங்க. பாட்டுப் படிப்பாரு, ஓடுவாரு. ஒண்ணும் அசையாது."

"அப்போ அவர் எப்படித் துரத்திக் கொன்னார்?"

பெருமாயி வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "நாங் கூலிக்கு வாரவ, சாமி."

மூன்றாம் நம்பர் கொட்டகை காலியாகக் கிடந்தது. தண்டாயுதபாணி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, கதவுக்கு உட்புறத்துச் சிமெண்ட்டுப் படியைப் பார்த்தார். பெரிய பாதங்கள் தேய்ந்து தேய்ந்து ஏற்றிய பழைய பழுப்புக் கறைகளுக்கு மேலே, புதிதாக இரண்டு சின்ன வெறுங்கால் தடங்கள், உள்ளே போகிற திசையில்.

"இந்தக் கொட்டகைக் கோழி எப்படிம்மா?"

"கெழட்டுக் கோழிங்க. முட்டை ஓஞ்சு போச்சு. வார வாரம் கொஞ்சங் கொஞ்சமாக் கழிச்சு, மிச்சத்த அடுத்த வாரம் கறிக்குக் கேரளா லாரியில ஏத்தறதா இருந்தாங்க."

"நாலு கொட்டகையில, தூக்கிக் கொடுக்கப் போற கொட்டகையாப் பாத்துப் பூந்திருக்கு" என்றான் செல்லமுத்து. "பைத்தியத்துக்கு நல்ல விவரம் சார்."

தண்டாயுதபாணி சிரிக்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் குழி இருந்தது. நாய்கள் மண்ணைப் பறித்து, வெள்ளை இறக்கைகளை வெளியே இழுத்துப் போட்டிருந்தன. செல்லமுத்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு உடனே திரும்பினான். நாளைக்கு நிச்சயத் தாம்பூலம் மாற்றப்போகிற பந்தலுக்கும் இந்தக் குழிக்கும் நடுவில் இருநூறு அடிதான் இருக்கும் என்று கண்டக்டர் புத்தி அளந்து சொன்னது.

*

வெள்ளியங்கிரியைத் தீவனக் கிடங்கில் பூட்டி வைத்திருந்தார்கள். செங்கோட்டையன் இடுப்பிலிருந்த சாவியால் பூட்டைத் திறந்து, "பாத்துங்க, அடிச்சுப்போடுவான்" என்றார்.

"நீங்க வாசல்ல இருங்க" என்று சொல்லிவிட்டுத் தண்டாயுதபாணி உள்ளே போனார்.

உள்ளே முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஒரு வீக்கம். சுற்றிலும் தீவன மூட்டைகள், வாய் தைத்த பக்கமெல்லாம் ஒரே திசையைப் பார்க்கும்படி, நூல் பிடித்தது போல அடுக்கியிருந்தன. ஒரு மூட்டைமேல் பழைய ரேடியோ, மூலையில் நான்கு ஜோடி ரப்பர் செருப்புகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்ட்டில் ஒரு நம்பர்.

"வணக்கம். நேரம் பத்து மணி நாற்பத்தாறு நிமிடம்" என்றார் அவர் சுவரிடம். கையில் கடிகாரம் இல்லை.

அந்தக் குரலும் பேச்சும் அப்படியே வானொலிச் செய்தி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு மனுஷனும் அப்படிப் பேசி செல்லமுத்து கேட்டதில்லை.

"வணக்கம். செய்திகள் வாசிப்பது யாருங்க?" என்றான்.

"வெள்ளியங்கிரி" என்றார், மிக மரியாதையாக.

கேலி என்று ஒன்று இருப்பதே தெரியாத மனுஷனிடம் கேலி பேசினால், அது திரும்பி வந்து நம் முகத்திலேயே விழுகிறது.

தண்டாயுதபாணி அவர் பக்கத்தில், தொடாமல், தானும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "அடிச்சாங்களா?"

"அண்ணன் இரண்டு முறை. ஏட்டு ஒரு முறை. 'ஏன் செய்தாய்' என்று கேட்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அதற்காக அடித்தார்கள்."

"நாலு செருப்பு எதுக்கு?"

"கொட்டகைக்கு ஒன்று. என் காலில் ஈரம் படக்கூடாது. பட்டால் அன்று முழுவதும் என்னால் வேறு எதையும் நினைக்க இயலாது. எனவே நான் தொட்டியில் இறங்குவதில்லை. வாசலில் செருப்பு மாற்றுவேன். இது நோய்த்தடுப்புக்கும் நல்லது."

"உங்களுக்குப் புத்தி சரியில்லைன்னு இவங்க எப்போ இருந்து சொல்றாங்க?"

"ஒரு மாதம் மூன்று நாள். அதற்கு முன்பு 'ஒரு மாதிரி' என்று சொல்வார்கள். அன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பெண்ணுக்கு என்ன வயது என்று என்னைக் கேட்டார். இருபத்து நான்கு ஆண்டு, இரண்டு மாதம், ஒன்பது நாள் என்று சொன்னேன். அண்ணி முன்பே இருபது என்று சொல்லியிருந்தார். அது தவறு. ஜாதகத்திலும் தவறாக எழுதியிருந்தார்கள். அண்ணன் எனக்குச் சிறு வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது என்றார். அதுவும் தவறு. எனக்கு வந்தது சின்னம்மை."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?"

"'நோவுன்னா ஆஸ்பத்திரியில காட்டி அத்தாட்சி வாங்கி வெய்யுங்க, அப்புறம் பேசிக்கலாம்' என்றார்கள்."

வாசலில் நின்ற செங்கோட்டையன் தொண்டையைக் கனைத்தார்.

செல்லமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. "ஏனுங்க, இருபதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க பாட்டுக்கு ரேடியோ கேட்டுட்டு இருந்திருக்கலாமில்ல?"

"முயன்றிருக்கிறேன்" என்றார் வெள்ளியங்கிரி. "வார்த்தை வராது. மூச்சு நின்றுவிடும். வசந்தாமணி என்னிடம் கணக்குப் படித்தது. அந்த ஒரு பெண் கேட்டால் மட்டும் நான் வானொலியை அணைப்பேன். அந்தப் பெண்ணுக்காகச் சொல்லியிருக்கலாம். வரவில்லை."

தண்டாயுதபாணி எழுந்தார். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு செல்லமுத்து கேட்டான்: "சார், முக்கியமான கேள்வியக் கேக்காம வந்துட்டீங்களே."

"கேட்டா பதில் சொல்லிடுவார். வாசல்ல ஆள் நிக்கிறான். ஒரு மணிக்குள்ள அந்த வாயை எப்படி அடைக்கலாம்னு யோசிப்பான். ஏட்டு வரட்டும்."

"அண்ணன்காரன்தானே சார்? எனக்கு அப்பவே தெரியும். அழுகிற ஆம்பளை வேட்டி அத்தனை வெள்ளையா இருக்காது."

தண்டாயுதபாணி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

*

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வேன் வந்தது. நாமக்கல் ஏட்டு, தொப்பையும் தொப்பியுமாக இறங்கினார். வெள்ளியங்கிரியை முற்றத்துக்குக் கூட்டி வந்தார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பந்தல் காலைப் பார்த்தபடி நின்றார். வள்ளியாத்தாள் தூணோரம். வசந்தாமணி நடை நிழலில். பெருமாயி வேலிப்படலுக்கு அந்தப் பக்கம்.

"எழுதியாச்சுங்களா?" என்றார் செங்கோட்டையன்.

"ஆச்சு" என்று தண்டாயுதபாணி தாளை ஏட்டிடம் நீட்டினார். "ஒரு பக்கம்தான். அவர் கேட்ட அளவு. ஆனா அதுல, இந்தக் கோழிகளை வெள்ளியங்கிரி கொல்லலைன்னு எழுதியிருக்கேன்."

செங்கோட்டையனின் முகத்திலிருந்த துளி ஈரம் எங்கோ காணாமல் போயிற்று.

"இந்தக் கோழிகளை யாரும் அடிச்சுக் கொல்லலை" என்றார் தண்டாயுதபாணி. "மிரட்டினாங்க. மூலையில குவிஞ்சு மூச்சு முட்டிச் செத்தது. வெள்ளியங்கிரி உள்ளே போய்த் தலைகீழா நின்னாலும் அதுகள் மிரளாது. என் உதவியாளர் சட்டையக் காட்டினதுக்கு ஆயிரம் கோழி ஓடிச்சு. அப்போ, கோழிகளுக்குத் தெரியாத ஒரு ஆள் வேணும்."

"அப்ப வெளியாளுங்களா?" என்றார் ஏட்டு.

"வெளியாள் மருந்துத் தண்ணியில காலை நனைச்சிட்டு உள்ளே போகமாட்டான். மூணாம் நம்பர் படியில புதுசா ரெண்டு தடம் இருக்கு. வெறுங்கால், சின்னக் கால், பழுப்புக் கறை. முன்னூத்தி நாற்பது உசிரை எடுக்கப் போற நேரத்துலயும், பழக்கத்துல தொட்டியில ஒழுங்காக் காலை நனைச்சிட்டுத்தான் போயிருக்காங்க. வெள்ளியங்கிரி அந்தத் தண்ணியில கால் வைக்கிறதே இல்லை."

ஏட்டு தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "கோழிக்கு அன்னியம். பண்ணைக்குப் பழக்கம். அப்படி யாருங்க இருக்கா?"

செல்லமுத்து வெற்றியோடு செங்கோட்டையனைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான். செங்கோட்டையன் தினமும் கொட்டகைக்குப் போகிறவர். கோழிகளுக்கு அவரைத் தெரியும். வள்ளியாத்தாளையும் தெரியும். பெருமாயியைத் தெரியும்.

"ஒரு மாசமா வாசப்படி தாண்டாத ஆள்" என்றார் தண்டாயுதபாணி. "கொட்டகைப் பக்கமே போகாத ஆளோட உள்ளங்கால் இன்னைக்குக் காலையில பழுப்பா இருந்தது. மோர் கொடுத்துட்டுத் திரும்பி நடக்கும்போது பார்த்தேன்."

வள்ளியாத்தாள் ஓரடி நகர்ந்து, மகளின் பாதங்களை மறைத்துக்கொண்டு நின்றாள். மகளின் முகத்தை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

செல்லமுத்துவுக்கு அப்போதுதான் கணக்கு முழுதும் புரிந்தது. சொன்ன வயதைக் காப்பாற்றிக்கொள்ள, உண்மையைச் சொன்னவனைப் பைத்தியமாக்க வேண்டும். பைத்தியமாக்க ஒரு காரியம் நடக்க வேண்டும். காரியத்துக்குக் கிழட்டுக் கோழி. கோழியை மிரட்டுவதற்கு, வெள்ளியங்கிரி உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெண். வீட்டுச் சாமான் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து உபயோகப்படுத்தியிருக்கிறார்கள்.

ஏட்டு வெள்ளியங்கிரி பக்கம் திரும்பினார். "ஏப்பா..."

அவர் கேட்பதற்குள் வள்ளியாத்தாள் முந்திக்கொண்டாள். கொழுந்தனுக்கு முன்னால் போய்க் கை கூப்பினாள். குரலில் தேன் ஒழுகியது.

"சாமி, ஒரே ஒரு சொல்லு. நாந்தான் பண்ணுனேன்னு சொல்லிப்போடுங்க. மெட்ராசுக்கெல்லாம் அனுப்பறதில்லீங்க. இங்கியே, உங்க கோழியோட, உங்க ரேடியோவோட இருந்துக்கலாம். நம்ம அம்மிணிக்காகச் சொல்லுங்க சாமி. நாளைக்கு அவிய வாராங்க. நீங்க வளத்த புள்ளையில்லீங்களா."

வெள்ளியங்கிரி பந்தல் காலிலிருந்து கண்ணை எடுத்து, முதல் தடவையாக நடை நிழலைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"நான்" என்றார்.

அதற்கு மேல் வரவில்லை. உதடு அடுத்த வார்த்தைக்காகக் குவிந்து அப்படியே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சை இழுத்து மறுபடியும் ஆரம்பித்தார். "நான்... நான்..." விரல்கள் காற்றில் படபடத்தன. முகம் கருத்துக்கொண்டு வந்தது.

"இன்னுங் கொஞ்சஞ் சாமி, வந்துருச்சு" என்றாள் வள்ளியாத்தாள், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் போல.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு மூன்றாம் முறையாக முயன்றார். காதுகளைப் பொத்திக்கொண்டு முயன்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பொய் ஒன்றைச் சொல்ல ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபட்டுச் செல்லமுத்து பார்த்ததில்லை. போலீஸ்காரரும் பார்த்ததில்லை என்று அவர் நின்ற நிலையிலிருந்தே தெரிந்தது.

"உடும்மா அவர."

வசந்தாமணி வெயிலுக்கு வந்திருந்தாள். "உட்டுருன்னு சொல்றனில்ல. நாந்தேன் ஏட்டய்யா. ரோஸ் சேலையக் கட்டிக்கிட்டு ஓடுன்னு அம்மா சொல்லுச்சு. சித்தப்பா பம்புசெட்டுல இருக்காரான்னு அப்பா வரப்புல நின்னு பாத்துக்கிட்டாரு. நா உள்ள போயி முந்தானைய வீசுனேன். ஒரு தரந்தான் வீசுனேன்."

"வாயை மூடு புள்ள" என்றார் செங்கோட்டையன்.

"எனக்கு இருவத்தி நாலு முடிஞ்சு போச்சு. அதையும் எழுதிக்குங்க."

வெள்ளியங்கிரிக்கு மெல்ல மூச்சு திரும்பியது. கைகளைக் காதிலிருந்து எடுத்தார். "ஞாயிறு மாலை, நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்" என்றார், விட்ட இடத்திலிருந்து செய்தியைத் தொடர்கிறவர் மாதிரி. "பம்புசெட்டு ஜன்னல் வழியாக, கொட்டகையின் கம்பி வலைக்கு உள்ளே பார்த்தேன். சேலை ரோஜா நிறம். முந்தானை இரண்டு முறை வீசப்பட்டது."

ஏட்டு அவரை வெறித்துப் பார்த்தார். "பாத்தியா? பாத்துட்டா நாலு நாளா அடியும் வாங்கிட்டு உள்ள கெடந்தே? அன்னிக்கே சொல்றதுக்கென்னய்யா?"

"ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை."

ஏட்டு தன் வலது உள்ளங்கையை, வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாக யாரையோ சுட்டுவிட்டவன் துப்பாக்கியைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு அதைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டார்.

*

மாஜிஸ்திரேட்டிடம் தானே போய் விஷயத்தைச் சொல்வதாக ஏட்டு சொன்னார். செங்கோட்டையன் தண்டாயுதபாணியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஊட்டுக்குள்ள நடந்தது, ஊட்டோட போகட்டுமுங்க. திருச்செங்கோட்டுக்காரங்க காதுக்கு..."

"நான் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றார் தண்டாயுதபாணி. "நாளைக்கு அவங்க வந்து உங்க தம்பியைக் கேட்டா, அவர் சொல்லுவார்."

செங்கோட்டையன் அப்போதுதான் அதை யோசித்திருக்க வேண்டும். பந்தலைப் பார்த்தார்.

வள்ளியாத்தாள் கண்ணைத் துடைத்துவிட்டு வந்து நின்றாள். "எல போட்டாச்சுங்க. ஒரு வாய் சாப்புட்டுட்டுத்தான் போகோணும். வந்தவிய வெறும் வயித்தோட போனா எங்களுக்கு நல்லதில்லீங்க." அதே தேன். ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

"பசியில்லைங்க" என்றான் செல்லமுத்து. காலையில் குடித்த மோரை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

தண்டாயுதபாணி வேலிப்படல் பக்கம் போனார். "பெருமாயி, குடிக்கத் தண்ணி இருக்குதாம்மா?"

பெருமாயி அசையவில்லை. "ஊட்டுல வாங்கிக்குங்க சாமி. எங்கிட்ட எங்க செம்புதானுங்க இருக்குது."

"அதுலதான் கேட்கிறேன்."

முற்றத்தில் செங்கோட்டையன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தூக்குச்சட்டிக்குப் பக்கத்திலிருந்து நசுங்கின அலுமினியச் செம்பை எடுத்து, படலுக்கு மேலே நீட்டினாள். தண்டாயுதபாணி செம்பை உதட்டில் வைத்துக் குடித்தார். செல்லமுத்து வாங்கி மிச்சத்தைக் குடித்தான். ஏட்டு ஒரு கணம் யோசித்தார். பிறகு வேனுக்குப் போய்விட்டார்.

வசந்தாமணி தயங்கித் தயங்கி வெள்ளியங்கிரியிடம் போனாள். "சித்தப்பா" என்று கையை நீட்டினாள். அவர் ஓரடி பின்வாங்கினார்.

"இப்போது என்னால் பேச இயலாது" என்றார். "நாளை காலை பேசுகிறேன். ஏழு மணிக்கு மேல்."

அவள் தலையை ஆட்டினாள். அவர் பின்வாங்கியது கோபமா, வழக்கமான சுபாவமா என்று செல்லமுத்துவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபமாக இருக்க வேண்டும் என்று அவன் மனசு கெட்டதனமாக ஆசைப்பட்டது.

வெள்ளியங்கிரி அண்ணனுக்கு முன்னால் போய் நின்றார். கண்ணைப் பார்க்கவில்லை. வேட்டி மடிப்பைப் பார்த்தார்.

"நான் இனி கிடங்கில் இருந்துகொள்கிறேன். வீட்டுக்குள் வரமாட்டேன். சாவி வேண்டும்."

"சாவி எதுக்குடா உனக்கு?"

"உங்களிடம் இருக்கக்கூடாது. அதற்காக."

செங்கோட்டையன் சுற்றிலும் பார்த்தார். வேனிலிருந்து ஏட்டு பார்த்துக்கொண்டிருந்தார். படலுக்கு அந்தப் பக்கம் பெருமாயி செம்போடு நின்றாள். மனைவி வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினார்.

"கையில் வேண்டாம். கீழே வையுங்கள்."

ஊருக்குள் நாலு பேர் எழுந்து நிற்கும் பெரிய மனுஷன், கூலிக்காரி பார்க்க, குனிந்து, தம்பியின் காலடி மண்ணில் சாவியை வைத்தார். வெள்ளியங்கிரி அதை எடுத்துத் துணியால் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு கிடங்கை நோக்கி நடந்தார்.